பித்தளைத் தகட்டில் ரயில் மாதிரி: திருகோணமலையில் தொடங்குபவர்களுக்குக் கைக்கருவி வழிகாட்டி

எட்சிங் கிட் என்று வரும் பொதியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஓரிரு மெல்லிய தகடுகள்தான். பித்தளையாக இருக்கும், அல்லது நிக்கல் சில்வராக இருக்கும். தடிப்பு பெரும்பாலும் 0.25 முதல் 0.45 மில்லிமீற்றர். படம் பதித்த தகட்டை இரண்டு பக்கத்தாலும் திரவம் அரித்து உருவத்தை எடுத்திருக்கும். சில இடங்களில் ஒரு பக்கத்தால் மட்டும் பாதித் தடிப்புக்கு அரித்திருக்கும். அவை மடிப்புக் கோடுகள். ஒவ்வொரு பாகமும் சிறு காம்புகளால் வெளிச்சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டமும் பாகங்களும் சேர்ந்த முழுத் தகட்டுக்கு பிரெட் என்று பெயர்.

நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், நாகம் மூன்றும் கலந்தது. பித்தளையை விட வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் பற்றவைக்கச் சுலபம். இரண்டிலும் கிடைக்கும் கிட் என்றால், விலை கூடினாலும் முதல் தடவைக்கு நிக்கல் சில்வரையே எடுங்கள்.

செய்ய வேண்டிய வேலை நான்கு: காம்பை வெட்டுவது, ஓரத்தை அராவுவது, கோட்டில் மடிப்பது, ஈயத்தால் (சோல்டரால்) பற்றவைத்து இணைப்பது. கருவி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது கால் மில்லிமீற்றர் தகட்டை என்ன செய்யும்? நெளிக்குமா, முறுக்குமா, கீறுமா? வாகனத் திருத்தகத்துக்கு நல்ல குறடு இந்த வேலைக்கு ஆகாமல் போவது இதனால்தான். முப்பது துண்டுகள் பெட்டியோடு வரும் மலிவு செட்டில் உங்களுக்குப் பயன்படுவது நாலைந்தாக இருக்கும். அந்த நாலைந்தும் தரம் குறைந்தவையாக இருக்கும்.

திருகோணமலையில் இவற்றுக்கென்று தனிக் கடை தேட வேண்டாம். ஹாட்வெயார் கடை, நகைப் பட்டறைக்குச் சாமான் கொடுப்பவர், மணிக்கூடு திருத்துபவர், கண்ணாடி வெட்டுபவர், ஃபான்சி கடை என்று ஐந்து இடத்தில் முக்கால்வாசி முடிந்துவிடும். மீதிக்குக் கொழும்பு. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளும் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவும் நடந்து போகும் தூரம்.

வெட்டுதல்

காம்பை வெட்டப் பலரும் முதலில் எடுப்பது மின்வேலைக்காரரின் பக்கவெட்டுக் குறடு. அதன் வாய் ஆப்புப்போல் இறங்கி உலோகத்தை இரு பக்கமும் தள்ளும். பாகத்தின் ஓரம் வளைந்துவிடும். அதை வெளிச்சட்டத்தைத் துண்டாக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாகத்தைப் பிரிக்க வேண்டியது உளிபோல் நேரான முனையுள்ள அலகு பூட்டிய கைவேலைக் கத்தி. அலகு தடிப்பாக இருக்க வேண்டும். கடதாசி வெட்டும், ஒடித்து ஒடித்துப் பாவிக்கும் கத்தி அழுத்தும்போது வளையும். நுனி ஒடிந்து கண்ணுக்கு வரும். காப்புக் கண்ணாடி முதல் நாளிலிருந்தே வேண்டும்.

கத்தியை விட அடித்தளம் முக்கியம். பச்சை நிற வெட்டுப்பாய் மென்மையானது. அலகு இறங்கும்போது தகடும் சேர்ந்து அமுங்கி, வெட்டுமுன் காம்பு வளைகிறது. தச்சுப் பட்டறையில் போமைக்கா ஒட்டிய பலகைத் துண்டொன்று, ஒரு சாண் சதுரத்தில் கேளுங்கள். அதுதான் சரியான தளம். அலகு சீக்கிரம் மொட்டையாகும். அதற்காகத்தான் மாற்று அலகுகள்.

வெட்டும் முறை: அலகை நிமிர்த்தி, பாகத்தின் ஓரத்திலிருந்து மயிரிழை விட்டு வைத்து, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். அறுக்க வேண்டாம். 0.45 தகட்டின் அகலக் காம்பு ஒரு அழுத்தில் போகாவிட்டால் மறுபக்கம் திருப்பி இன்னொன்று. அதற்கும் மசியாததற்குப் பத்தர்மார் பாவிக்கும் இழைவாள். அலகு 6/0 போன்ற நுண்ணியது வேண்டும். பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்கப் பூட்டுங்கள், இழுக்கும்போதுதான் வெட்டும். தொடக்கத்தில் இது இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லாப் பாகத்தையும் ஒரே மூச்சில் வெட்டி எடுக்க வேண்டாம். பிரெட்டில் இருக்கும்வரை எண் தெரியும். வெட்டிய பின் இடப்பக்க ஏணியும் வலப்பக்க ஏணியும் ஒன்றுபோல் இருக்கும்.

அராவுதல்

இரண்டு பக்கத்தாலும் அரித்த ஓரம் நேராக நிற்காது. நடுவில் ஒரு மெல்லிய வரப்பு புடைத்திருக்கும். அதோடு இணைத்தால் மூலை பொருந்தாது, இடைவெளியில் ஈயம் வழியும். காம்பின் மிச்சத்தையும் இந்த வரப்பையும் அராவி எடுப்பது அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது.

இதற்கு இரண்டு வகை அரம் போதும். ஒன்று 6 அல்லது 8 அங்குலத் தட்டை அரம், நுண்ணிய வெட்டு, ஒரு விளிம்பில் பல் இல்லாதது. அந்த வெறும் விளிம்பு மூலைக்குள் அராவும்போது பக்கத்துச் சுவரைக் கடிக்காது. மற்றது ஊசி அரங்கள்: தட்டை, அரைவட்டம், உருண்டை, முக்கோணம், சதுரம். ஐந்தும் நல்லதாக இரண்டாம் நம்பர் வெட்டில். வைரத்தூள் பூசிய மலிவு அரங்கள் கண்ணாடிக்கும் உருக்குக்கும் சரி. பித்தளையில் கோடு போட்டுவிட்டு விரைவில் அடைபடும்.

பித்தளை புது அரத்தைக் கேட்கும். இரும்பில் ஒருமுறை ஓடிய அரம் பித்தளை மேல் வழுக்கும். ஆகவே புது அரம் முதலில் பித்தளைக்கு, தேய்ந்தபின் இரும்புக்கு. ஈயம் அராவ வேறொரு பழைய அரத்தை ஒதுக்கி, கைப்பிடியில் நிறம் பூசி அடையாளமிடுங்கள். ஈயம் பல்லுக்குள் ஏறினால் அந்த அரம் வேறெதற்கும் உதவாது. அராவுமுன் சோக்கைத் தேய்த்தால் துகள் ஒட்டுவது குறையும். தள்ளும்போது மட்டும் அழுத்தம். இழுக்கும்போது தூக்கி எடுங்கள்.

மெல்லிய பாகத்தைக் கையில் பிடித்து அராவினால் அதிர்ந்து வளையும். மரத்துண்டின் விளிம்போடு விளிம்பாக அழுத்தி, அரை மில்லிமீற்றர் மட்டும் வெளியே நீட்டி அராவுங்கள்.

மடித்தல்

விதி: அரித்த கோடு மடிப்பின் உட்பக்கம். கிட்டின் தாளில் வேறு சொல்லியிருந்தால் மட்டும் மாற்று. கோடு ஒரே ஒரு மடிப்புக்கானது. 90 பாகைக்கு மடித்து, நேராக்கி, மறுபடி மடித்தால் பெரும்பாலும் பிளந்துவிடும். மடிக்குமுன் இரண்டு முறை தாளைப் பாருங்கள்.

குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக மடித்தால் ஓரம் அலை அலையாக வரும். முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து மடிக்க வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்றே மடிப்புக் கருவி விற்கிறார்கள். நல்லது, ஆனால் விலை கூட. உள்ளூர் இரும்புப் பட்டறையில் 25 மில்லிமீற்றர் கோண இரும்பில் 20 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, முதுகோடு முதுகு வைத்து, இரண்டு முனையிலும் 6 மில்லிமீற்றர் போல்ட்டும் வண்ணத்துப்பூச்சி நட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். தகட்டைக் கடிக்கும் இரண்டு மேல்விளிம்புகளையும் நேராக அராவ வேண்டும். அது உங்கள் வேலை. கண்ணாடி மேல் சான்ட் பேப்பரை விரித்து அதன்மேல் விளிம்பைத் தேய்த்தால் நேராகும். சரக்குப் பெட்டிக்கும் சிறு எஞ்சினுக்கும் இந்த நீளம் போதும். ஓஓ அளவில், அதாவது 1:76.2 இல், 64 அடிப் பயணிகள் பெட்டி 25 சென்ரிமீற்றரைத் தாண்டும். அதற்கு 30 சென்ரிமீற்றர் கேட்பது நல்லது.

மடிப்பது இப்படி: கோடு இரும்பின் விளிம்புக்குச் சரியாக வர வைத்து இறுக்குங்கள். உருக்கு அடிமட்டமொன்றை வெளியே நிற்கும் தகட்டுக்கு அடியில் முழு நீளத்துக்கும் கொடுத்து, ஒரே சீராகத் தூக்குங்கள். மூலைமட்டத்தால் 90 பாகையைச் சரிபாருங்கள்; 50 மில்லிமீற்றர் நீளமுள்ள சிறிய உருக்கு மூலைமட்டமே இதற்கு ஏற்றது, தச்சனுடையது வேண்டாம். கோடு ஆழமில்லாமல் மடிய மறுத்தால் பலவந்தம் பண்ணாமல் முக்கோண ஊசி அரத்தின் விளிம்பால் கோட்டை இரண்டு மூன்று தடவை ஆழமாக்குங்கள். மடித்த பிறகு உள் மூலை முழுக்க மெல்லிய ஈயக்கோடு ஓட்டிவிட வேண்டும். பாதித் தடிப்பில் நிற்கும் மூலை அது. ஈயம்தான் அதற்குப் பலம்.

சிறு மடிப்புகளுக்குத் தட்டைமூக்குக் குறடு ஒன்று. வாயில் பல் வெட்டியிருக்கக் கூடாது. பல் பதிந்த தடம் பூச்சுக்கு மேலும் தெரியும். கைப்பிடிக் கம்பி வளைக்க உருண்டைமூக்குக் குறடும் வேண்டும். பத்தர்மாருக்கென விற்கும் வழுவழு வாய்க் குறடுகள் இரண்டுக்கும் பொருந்தும்.

தறையாணி (ரிவெட்) போன்ற புடைப்புகள் உள்ள பாகத்துக்கு, தகட்டின் பின்புறம் சிறு குழிகள் அரித்திருக்கும். மொட்டை முனையுள்ள கீறும் ஊசியால், தடித்த மட்டையின் மேல் வைத்து, ஒவ்வொரு குழியையும் ஒரே பலத்தில் அழுத்துங்கள். இதை மடிக்குமுன் செய்ய வேண்டும். மடித்த பின் ஊசி நுழையாது.

துளை

துளைகள் வேண்டுமென்றே கொஞ்சம் சிறிதாக வரும். அதைத் துளைப்பானால் பெரிதாக்கப் போனால் அலகு மெல்லிய தகட்டைக் கவ்வித் தூக்கிக் கிழிக்கும். மணிக்கூடு திருத்துபவர்கள் பாவிக்கும் ஐந்து முகக் கூர்ஊசிகள் இந்த இடத்துக்குப் பிறந்தவை. 0.6 இலிருந்து 2 மில்லிமீற்றர் வரை ஒரு செட், 3 மில்லிமீற்றரைத் தாண்டும் பெரியது ஒன்று. ஊசி கூம்பு வடிவம் என்பதால் ஒரு பக்கத்தால் மட்டும் திருகினால் துளையும் கூம்பாகும். இரு பக்கத்தாலும் மாறி மாறி, இரண்டு சுற்றுக்கு ஒருதரம் அச்சைப் போட்டுப் பாருங்கள். இந்தக் கருவிகளில் காசுக்கு அதிக பயன் தருவது எது என்று கேட்டால் இதையே சொல்வோம்.

கைத்துளைப்பானும் 0.5, 0.7, 0.8, 1.0 மில்லிமீற்றர் அலகுகளும் அடுத்தது. 0.45 கம்பிக்கு 0.5 துளை. கார்பைட் அலகு கையில் சற்றுச் சரிந்தாலே முறியும்; உருக்கு அலகு வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று.

பற்றவைத்தல்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கே. காரணம் பெரும்பாலும் கை அல்ல, ஈயத்தை உருக்கும் அயன். வானொலி திருத்தும் 25 வோட் அயனின் கூர்முனை, பித்தளை வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஈயம் உருண்டையாகக் குந்திக்கொண்டிருக்கும், பரவாது. 60 வோட்டுக்குக் குறையாத, வெப்பக் கட்டுப்பாடு உள்ள அயனும், 2 முதல் 3 மில்லிமீற்றர் அகலமான உளிமுனையும் வாங்குங்கள். கூர்முனை வயர் வேலைக்கு. வெப்பத்தைக் கொண்டுபோவது முனையின் தொடுபரப்பு. ஈயம் ஓரிரு செக்கனில் ஓட வேண்டும். ஐந்து செக்கன் பிடித்தால் வெப்பத்தைக் கூட்டுமுன் முனையை மாற்றுங்கள்.

60/40 ஈயக் கம்பி 0.7 அல்லது 0.8 மில்லிமீற்றர் மொத்தத்தில் இங்கேயே கிடைக்கும். 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி 190 ஐ ஒட்டி ஓடும். அயனை 330 முதல் 350 வரை வையுங்கள். பிறகு 145 பாகையில் உருகும் ஈயமும் ஒரு சுருள் எடுத்து வைத்தால், முதலில் 60/40 இல் பெரிய மூட்டுகள், அதன் பக்கத்தில் 145 இல் சிறு பாகங்கள் என்று முதல் மூட்டு கழறாமல் செய்யலாம். வெள்ளை உலோக வார்ப்புகளுக்கு 70 பாகை ஈயம். அந்த வார்ப்பே சாதாரண அயன் வெப்பத்தில் உருகி ஓடிவிடும், ஆகவே கட்டுப்பாடில்லாத அயனோடு கிட்டே போக வேண்டாம்.

ஃபிளக்ஸ், அதாவது உலோகத்தைச் சுத்தமாக்கி ஈயத்தை ஓடவைக்கும் பொருள், இல்லாமல் ஈயம் பிடிக்காது. சிறந்தது 9 முதல் 12 வீதப் பொஸ்பரிக் அமிலம். தூரிகையால் ஒரு துளி. நாகக் குளோரைட் கலந்த குழாய்வேலை ஃபிளக்ஸ் பிடிக்கும், ஆனால் எச்சம் உப்பாக நின்று ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் மறுநாளே பச்சை பூக்கும். ரெசின் உள்ள ஈயக் கம்பி மட்டும் வைத்தும் சமாளிக்கலாம். அந்த எச்சம் தண்ணீரில் போகாது, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அமில ஃபிளக்ஸ் முனையின் பூச்சையும் தின்னும். ஒவ்வொரு சில மூட்டுக்கும் பித்தளைச் சுருளில் முனையைக் குத்தித் துடைத்து, ஈயம் பூசி வையுங்கள். முனையை ஒருபோதும் அராவக் கூடாது.

செய்முறை:

1. இரண்டு ஓரத்தையும் பளபளக்கத் தேய்த்து, உடனே வேலையைத் தொடங்குங்கள். கடலோரத்தில் நேற்றுத் தேய்த்த பித்தளை இன்று மங்கியிருக்கும். வியர்வை விரல் பட்ட இடமும் அப்படித்தான்.

2. வெறும் மரப்பலகை மேல் வைத்துப் பொருத்துங்கள். தேக்கோ ப்ளைவுட்டோ எதுவும் ஆகும். தளஓடும் இரும்பும் வெப்பத்தைக் குடிக்கும். இரண்டு மரச்சட்டத்தை 90 பாகையில் ஆணியடித்து வைத்தால் பெட்டிச் சுவர்கள் தானாக நேர்நிற்கும்.

3. ஃபிளக்ஸ் தொட்டு, ஒரு முனையில் மட்டும் ஒரு புள்ளி ஈயம். மூலைமட்டம் வையுங்கள். கோணல் என்றால் இப்போதே இளக்கித் திருத்துங்கள். பிறகு மறுமுனை, பிறகு நடு.

4. மீதியைச் சிறு சிறு துண்டாக, இடம் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது. 20 சென்ரிமீற்றர் பித்தளை 150 பாகை சூடேறினால் அரை மில்லிமீற்றருக்கு மேல் நீளும். ஒரு பக்கம் நீண்ட நிலையில் இறுகினால், ஆறும்போது சுவர் வாழைமட்டைபோல் வளையும்.

பாகத்தை அமுக்கிப் பிடிக்க விரல் போதாது, சுடும். உருக்குச் சாமணத்தை அயனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வெப்பத்தை அது எடுத்துக்கொள்ளும். இங்கே ஈர்க்கை வெல்ல ஒன்றுமில்லை: காய்ந்த ஈர்க்குத் துண்டின் நுனியைச் சரித்து வெட்டினால் வெப்பம் கடத்தாது, ஈயம் ஒட்டாது, கருகினால் இன்னொன்று. கனமான பாகத்துக்கு மூங்கில் குச்சி. ஃபான்சி கடையில் விற்கும் அலுமினியத் தலைக் கிளிப்புகளும் மர உடுப்புக் கிளிப்புகளும் பத்துப் பதினைந்து வாங்கி வையுங்கள். அலுமினியத்தில் ஈயம் ஏறாது. நுண்வேலைக்கு இரண்டு சாமணம் தேவை: கூர்முனை ஒன்று, விட்டால் தானாக மூடிக்கொள்வது ஒன்று.

மின்விசிறியை நிறுத்துங்கள். புழுக்கத்தில் இது கொடுமைதான், ஆனால் காற்று மூட்டைக் குளிர்விக்கும், சிறு பாகத்தைக் கட்டிலுக்குக் கீழே கொண்டுபோகும். யன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராத பக்கம் உட்காருங்கள். ஈயத்தில் காரீயம் உண்டு. சோற்றுக் கோப்பை இருக்கும் மேசையில் இந்த வேலை வேண்டாம், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

கழுவுதலும் உப்புக்காற்றும்

ஒவ்வொரு அமர்வும் முடிந்த உடனே, விடியும்வரை வைக்காமல், மாதிரியை இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பற்தூரிகையும் கொண்டு தேயுங்கள். மங்கிய பித்தளைக்குக் குத்துவிளக்குக்குப் போடும் பழப்புளியே போதும். அதன் அமிலம் கறையை எடுக்கும். உப்புச் சேர்க்காமல், நிறையத் தண்ணீரில் அலசி, துடைத்து உலர்த்துங்கள். அச்சு, மோட்டார் பூட்டிய பிறகு புளியைக் கிட்டக் கொண்டுவர வேண்டாம்.

கண்ணாடி நார் பேனை தகட்டை மினுக்க நல்ல கருவி, ஆனால் உடையும் நார் தரையில் விழும். எங்கள் வீடுகளில் வெறுங்காலோடு நடப்போம்; காலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, நாட்கணக்கில் குத்தும். ஓடும் தண்ணீருக்குக் கீழே பாவியுங்கள், இல்லையென்றால் 600, 1000 நம்பர் சான்ட் பேப்பரை நனைத்துத் தேயுங்கள்.

அரம், மூலைமட்டம், சாமணம், கூர்ஊசி எல்லாம் உருக்கு. ஒக்டோபரில் மழை தொடங்கினால் மேசையில் கிடந்த அரம் சில நாளில் செம்பழுப்பாகும். காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், உருக்கில் தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய பூச்சு. அரத்தில் எண்ணெய் பூசினால் வேலைக்கு முன் சோக்குத் தேய்த்துத் துடைக்க வேண்டும், அல்லது அது வழுக்கும். ஃபிளக்ஸ் போத்தலை ஒருபோதும் அதே பெட்டிக்குள் வைக்க வேண்டாம். கசிந்தால் அரம் துருப்பிடிக்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கண்ணாடிக் கடையில் 6 மில்லிமீற்றர் கண்ணாடியில் ஒரு துண்டு, 30க்கு 20 சென்ரிமீற்றர், விளிம்பு தேய்த்து வாங்குங்கள். அடிச்சட்டம் கோணலா, நான்கு சக்கரமும் தொடுகிறதா என்று காட்ட இதைவிட மலிவான கருவி கிடையாது. பற்றவைக்க மட்டும் அதன்மேல் வைக்காதீர்கள், வெடிக்கும். 150 மில்லிமீற்றர் வேர்னியர் இடுக்கிமானி ஒன்று இருந்தால் ஓஓ சக்கரங்களின் உள்இடைவெளி 14.5 மில்லிமீற்றரா என்று பார்க்கத் தனி அளவி தேவையில்லை.

சிலருக்கு முதல் ஆசையே கல்ஓயாச் சந்தியால் சீனக்குடா வழியாக வரும் நம்முடைய ரயிலைச் செய்வது. அப்படியென்றால் ஒரு கணக்கு: இலங்கையின் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர், 1:76.2 இல் அது 22 மில்லிமீற்றர் வரும். ஓஓ கிட்டுகள் 16.5 மில்லிமீற்றர் பாதைக்கானவை. அச்சும் அடிச்சட்டமும் நீங்களே அகலப்படுத்த வேண்டும். அது இரண்டாவது வருடத்து வேலை. முதல் கிட் நாலு சக்கரச் சரக்குப் பெட்டியாக இருக்கட்டும், அல்லது மேடை விளக்கு, வேலி போன்ற ஓடாத சாமானாக இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லிவிடத் தக்கவை கூர்ஊசி செட், 145 பாகை ஈயம், நல்ல கத்தி அலகுகள். கத்தி அலகுகளைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். ஃபிளக்ஸைச் சொல்ல வேண்டாம். அரிக்கும் திரவம் தபாலிலும் விமானத்திலும் அனுமதியில்லை.

எல்லாம் சேர்ந்ததும் கிட்டைத் திறக்காதீர்கள். பாகம் எடுத்து மிஞ்சிய பிரெட் சட்டத்தை எவரிடமாவது கேட்டு வாங்கி, இல்லையென்றால் அதே தடிப்பில் பித்தளைத் தகடு வாங்கி, 20 மில்லிமீற்றரில் இரண்டு கீற்று வெட்டுங்கள். அராவி, எல் வடிவில் பற்றவைத்து, கழுவி, இரண்டு குறட்டால் பிடித்து முறுக்குங்கள். தகடு வளைந்து மூட்டு நின்றால் சரி. மூட்டு பிரிந்து ஒரு பக்கத்தில் ஈயமும் மறுபக்கத்தில் வெறும் பித்தளையும் தெரிந்தால், அந்த வெறும் பக்கத்துக்குச் சூடு போகவில்லை, அல்லது அழுக்கு இருந்திருக்கிறது. அயனை இரண்டு கீற்றையும் தொடும்படி வைத்து மறுபடி செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஈயம் இருந்து, நடுவில் மணல்போல் நொறுங்கியிருந்தால் ஆறுமுன் கை அசைந்திருக்கிறது. அதற்குக் கிளிப் போடுங்கள்.